விளைவித்த வீட்டிலேயே முளைப்பயறு

பயறு அறுவடை முடிந்து காய்ந்ததும் மூட்டை கட்டி மண்டிக்கு அனுப்பிவிடுவது சிறு விவசாயிகளின் வழக்கம். ஆள் கூலி, உரக்கடைப் பாக்கி, கூட்டுறவுச் சங்கக் கடன் என்று செலவுகள் வரிசையாகக் காத்திருக்கும்போது வேறு வழியும் இல்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து அதே வீட்டார் மளிகைக் கடையில் கால் கிலோ, அரைக் கிலோ என்று கூடுதல் விலை கொடுத்துப் பயறு வாங்குகிறார்கள். விளைவித்த வீட்டிலே பயறு இல்லை என்னும் இந்த நிலை மாற வேண்டும்.

பயற்றை வீட்டில் சாப்பிடுவதற்குச் செலவு குறைந்த, எளிய வழி அதை முளைகட்டிச் சாப்பிடுவது. முளைகட்டிய பயறு உடம்புக்கு நல்லது என்று பலரும் சொல்கிறார்கள். பச்சையாகவே தின்னலாம் என்றும் சொல்கிறார்கள். இதில் உண்மையும் உண்டு, எச்சரிக்கையோடு கவனிக்க வேண்டியதும் உண்டு. எந்தப் பயற்றை முளைகட்டலாம், எதைப் பச்சையாகத் தின்னலாம், எதை வேகவைக்காமல் வாயில் வைக்கக் கூடாது என்பதை விவசாயக் குடும்பத்தார் தெரிந்துகொள்வது அவசியம்.

முளைகட்டுவதால் என்ன நன்மை?

உலர்ந்த பாசிப்பயறு 100 கிராமில் ஏறத்தாழ 24 கிராம் புரதச் சத்து இருக்கிறது. முளைகட்டினால் புரதம் பல மடங்கு பெருகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. 100 கிராம் பயறு முளைத்து 250 கிராம் ஆனால், கூடிய 150 கிராமும் தண்ணீரே. புரதம் பழைய அளவில்தான் இருக்கும்.

பின் எதற்காக முளைகட்ட வேண்டும்? விதை முளைக்கும்போது அதற்குள் உறங்கிக் கிடந்த நொதிகள் விழித்துக்கொண்டு மாவுச் சத்தையும் புரதத்தையும் உடைக்கத் தொடங்குகின்றன. ஆகவே பயறு எளிதில் செரிக்கிறது. வயிற்றில் வாயுவை உண்டாக்கும் ஒருவகைச் சர்க்கரைப் பொருள்கள் குறைகின்றன. பயற்றிலுள்ள இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாமல் கட்டிவைத்திருக்கும் பைட்டிக் அமிலமும் குறைகிறது. உலர்ந்த பயற்றில் பெயரளவுக்கே உள்ள வைட்டமின் சி, முளைவிட்டதும் புதிதாக உண்டாகிறது. முளைகட்டிய பயறு சில நிமிடங்களில் வெந்துவிடுவதால் விறகும் எரிவாயுவும் மிச்சமாகின்றன.

வைட்டமின் சி பற்றிய இந்த உண்மை நூறாண்டுகளுக்கு முன்பே சோதித்து அறியப்பட்டது. முதல் உலகப் போரின்போது காய்கறியும் பழமும் கிடைக்காத படைமுகாம்களில் ஈறு வீங்கி ரத்தம் கசியும் ஸ்கர்வி நோய் பரவியது. செர்பியப் படைவீரர்களுக்கு முளைகட்டிய அவரை வகை விதைகளைக் கொடுத்துப் பார்த்த மருத்துவர் ஒருவர், அது நோயைக் குணப்படுத்த உதவுவதை 1918-ல் எழுதினார். மறு ஆண்டு லண்டன் லிஸ்டர் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த ஹாரியட் சிக் அம்மையாரும் உடன் ஆய்வாளரும், உலர்ந்த விதையில் இல்லாத அந்தத் தடுப்புச் சக்தி முளைவிட்ட விதையில் உண்டாகிறது என்பதை நிறுவினார்கள்.

ஆயினும் ஒரு நெல்லிக்காயிலும் கொய்யாவிலும் உள்ள வைட்டமின் சி முளைப்பயற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். எனவே வைட்டமின் சி வீணாகிவிடும் என்று பயந்து, பயற்றைக் கட்டாயம் பச்சையாகவே தின்ன வேண்டும் என்பதில்லை. இது மனத்தில் இருக்கட்டும். இதன் பயன் பின்னால் தெரியவரும்.

எது ஆகும், எது ஆகாது?

பாசிப்பயறு, நரிப்பயறு, கறுப்புக் கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கொள்ளு, வெந்தயம் ஆகியவை முளைகட்ட ஏற்றவை. இவற்றில் பாசிப்பயறு மிக எளிது. விரைவில் முளைக்கும், ருசியும் இனிப்பாக இருக்கும். கொள்ளும் தட்டைப்பயறும் முளைகட்டினாலும் வேகவைத்துச் சாப்பிடுவதே வயிற்றுக்கு நல்லது. உளுந்து வழவழப்பாகி விரைவில் நாற்றம் கொள்ளும் என்பதால் இதற்கு ஏற்றதல்ல.

சோயா மொச்சை, ராஜ்மா, மொச்சை ஆகியவற்றைப் பச்சை முளையாகத் தின்னவே கூடாது. செரிமானத்தைக் கெடுக்கும் பொருள்களும், வாந்தி பேதி உண்டாக்கும் பொருள்களும் இவற்றில் உள்ளன. நன்றாகக் கொதிக்கவைத்து வேகவைத்தால்தான் அவை அழியும்.

சோள முளையையும் பச்சையாகத் தின்னக் கூடாது. மழையின்றி வாடிய இளஞ்சோளத்தை மேய்ந்த மாடு சற்று நேரத்தில் சுருண்டு விழுவதை மானாவாரி விவசாயிகள் அறிவார்கள். இளம் பயிரில் உள்ள ஒரு பொருள் மாட்டின் வயிற்றில் சயனைடு நஞ்சாக மாறுவதே அதற்குக் காரணம். அதே பொருள் சோள முளையிலும் உண்டாகிறது. தானியம் முளைத்தால் எல்லாம் சத்துதான் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

விதைப் பயறு வேறு, வீட்டுப் பயறு வேறு

விவசாயியின் வீட்டில் மற்ற வீடுகளில் இல்லாத ஆபத்து ஒன்று உண்டு. அங்கே தின்னும் பயறும் இருக்கும், விதைக்கும் பயறும் இருக்கும். வேரழுகல் நோயைத் தடுக்க விதைப் பயற்றில் கிலோவுக்கு 2 கிராம் வீதம் திரம் அல்லது கார்பன்டாசிம் என்னும் பூசணக் கொல்லியைக் கலக்கிறார்கள். விதைத்தது போக ஒரு படியோ இரண்டு படியோ மிஞ்சும். அதை வீணாக்க மனமின்றி அடுக்களை டப்பாவில் கொட்டுவதும், கழுவினால் போய்விடும் என்று நினைப்பதும் பெரும் தவறு. மருந்து விதைத் தோலில் ஒட்டியும் ஊறியும் இருக்கும். எத்தனை முறை கழுவினாலும் முழுதும் போகாது. ஊறவைக்கும்போது பருப்புக்குள்ளும் இறங்கிவிடும்.

எனவே கடையில் வாங்கிய விதைப் பாக்கெட்டில் மிஞ்சியதை எக்காரணம் கொண்டும் உணவுக்கோ, கோழிக்கோ, மாட்டுக்கோ உபயோகிக்கக் கூடாது. வீட்டு விதையாக இருந்தால் விதைப்பதற்கு முந்திய நாள் தேவையான அளவுக்கு மட்டும் மருந்து கலக்க வேண்டும். அப்படியும் மிஞ்சினால் குழந்தைகளும் கோழிகளும் கிளறாத இடத்தில், கிணற்றுக்கு எட்டத்தில், ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிட வேண்டும். விதைப் பயற்றுக்கும் வீட்டுப் பயற்றுக்கும் வெவ்வேறு பாத்திரம் வைத்து, விதைப் பாத்திரத்தின் மேல் எழுத்துத் தெரியாதவர்களுக்கும் விளங்கும்படி சிவப்புச் சாயத்தில் அடையாளம் இடுதல் நலம். புகை மூட்டும் மாத்திரை இட்ட தானியத்தைக் குடியிருக்கும் வீட்டில் வைப்பது உயிருக்கே ஆபத்து.

கண்ணுக்குத் தெரியாத ஆபத்து

2011-ஆம் ஆண்டு மே மாதம் ஜெர்மனியின் வட பகுதியில் ரத்தப் பேதி நோய் பரவியது. சுமார் 4,000 பேர் நோயுற்றார்கள். பலருக்குச் சிறுநீரகம் செயல் இழந்தது. 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். முதலில் ஸ்பெயின் நாட்டு வெள்ளரிக்காய் மேல் சந்தேகம் எழுந்தது. அந்நாட்டு விவசாயிகளின் வெள்ளரிக்காயை வாங்க ஆளில்லாமல் போயிற்று. குப்பையில் கொட்டும் நிலை வந்தது. கடைசியில் நோய்க்குக் காரணம் வெள்ளரிக்காய் அல்ல, பச்சையாகத் தின்ற முளைகட்டிய வெந்தயம் என்று தெரியவந்தது. எகிப்திலிருந்து வாங்கிய வெந்தய விதையோடு நோய்க் கிருமி வந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு விசாரணை செய்தவர்கள் வந்தார்கள். அதற்கு முன் 1996-ல் ஜப்பானின் சாகாய் நகரில் ஆயிரக்கணக்கான பள்ளிக் குழந்தைகள் இதே வகை நோயில் விழுந்தபோதும் பகல் உணவில் சேர்த்த முள்ளங்கி முளையே காரணமாகச் சந்தேகிக்கப்பட்டது.

இவை சுத்தத்தில் பெயர் பெற்ற நாடுகள். ஆனாலும் கிருமி விதையிலேயே இருந்தால் சமையலறைச் சுத்தம் மட்டும் போதாது. விதைத் தோலின் நுண்ணிய வெடிப்புகளில் ஒளிந்துள்ள கிருமிகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பயறு முளைப்பதற்கு வேண்டிய ஈரமும் வெதுவெதுப்பும்தான் கிருமி பெருகுவதற்கும் வேண்டியவை. ஈரத் துணியில் ஒரு நாள் கிடந்தால், கையளவு பயற்றில் சிலவாக இருந்த கிருமிகள் லட்சக் கணக்கில் பெருகிவிடும். நாற்றமோ நிறமாற்றமோ இருக்காது. முளைத்த பின் கழுவினாலும் முழுதும் நீங்காது.

சுத்தம் களத்தில் தொடங்குகிறது

கடையில் பயறு வாங்குபவருக்கு அது எந்த நிலத்தில் விளைந்தது, எந்தக் களத்தில் அடிபட்டது என்று தெரியாது. அதைத் தெரிந்தவர் விவசாயி ஒருவரே. ஆகவே சுத்தமான முளைப்பயறு சாப்பிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட அவருக்கே அதிகம். அதற்கு வீட்டுக்கான பயற்றை மட்டும் சற்றுத் தனியாகக் கவனித்தால் போதும்.

இவ்வகை நோய்க் கிருமிகளில் பல, மாட்டின் குடலில் மாட்டுக்கு எந்தக் கெடுதியும் செய்யாமல் வாழ்பவை, சாணத்தோடு வெளிவருபவை. எனவே நிலத்துக்கு நன்றாக மக்கிய தொழு உரத்தை அடியுரமாக மட்டும் இட வேண்டும். பயிர் நிற்கும்போது பச்சைச் சாணத்தைக் கரைத்து விடக் கூடாது. சாணம் மெழுகிய களத்தில் பயற்றைப் பரப்பி மாடு கட்டி மிதிக்க விடுவதும், சாலையில் போட்டு வண்டி ஏற்றுவதும் விற்பனைப் பயற்றுக்கே நல்லதல்ல. வீட்டுப் பயற்றுக்கு அறவே ஆகாது. அப்படிச் செய்வதால் சாணமும் அழுக்கும் ஒட்டுவதோடு விதையும் கீறல் விழுந்து, கிருமி புக வழி உண்டாகிறது.

வரப்பு ஓரத்திலோ வீட்டுக்கு அருகிலோ ஒரு பகுதியை வீட்டுப் பயற்றுக்கென்று ஒதுக்கலாம். அதில் காய் பிடித்த பின் பூச்சி மருந்து அடிப்பதைத் தவிர்க்க வேண்டும். அடித்தே தீர வேண்டுமானால் மருந்து டப்பாவில் குறிப்பிட்டுள்ள நாள்கள் கழிந்த பின்பே காய் பறிக்க வேண்டும். நன்கு முற்றிக் கறுத்த காய்களைக் கையால் பறித்து, கழுவி உலர்த்திய தார்ப்பாயில் பரப்பிக் காயவைத்து, சாக்கில் போட்டுத் தடியால் மெல்லத் தட்டி எடுக்கலாம். மழையில் நனைந்து செடியிலேயே முளைவிட்ட காய்களைச் சேர்க்கக் கூடாது.

பயறு கடித்தால் படீரென்று உடையும் பதத்துக்கு நாலைந்து வெயில் காயவைத்து, ஆறிய பின் இறுக்கமான மூடியுள்ள தகர டப்பாவிலோ பாத்திரத்திலோ வைக்க வேண்டும். மூட்டையாகத் தரையில் போட்டால் எலி ஏறும்; எலியின் புழுக்கையும் சிறுநீரும் நோய் பரப்பும். மாதம் ஒரு முறை வெயிலில் காட்டினால் பயறு வண்டும் அணுகாது.

முளைகட்டும் முறை

ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் பயறு போதும். கல், மண், வண்டு துளைத்தவை, உடைந்தவை ஆகியவற்றைப் பொறுக்கி நீக்க வேண்டும். தண்ணீரில் போட்டதும் மிதப்பவை வண்டு தின்ற பொக்குப் பயறு. அவற்றையும் அகற்ற வேண்டும். மூன்று நான்கு தடவை அலசிய பின், கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைப் பயற்றைப் போல் நான்கு பங்கு ஊற்றி இரவு முழுதும் சுமார் 8 மணி நேரம் ஊறவைக்கலாம். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்துக் கிணற்று நீரைக் காய்ச்சாமல் உபயோகிக்கக் கூடாது.

காலையில் ஊறிய நீரைக் கொட்டிவிட்டு, மறுபடி ஆறிய நீரில் அலசி, கொதிநீரில் போட்டு எடுத்த மெல்லிய பருத்தித் துணியில் தளர்வாக மூட்டை கட்டி, ஓட்டைப் பாத்திரத்தில் வைத்து மூடலாம். தண்ணீர் தேங்கக் கூடாது; ஈரமும் உலரக் கூடாது. ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை மூட்டையை அலசி வைக்க வேண்டும். துணியைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுதல் அவசியம். களை பறித்த கையோடும் சாணி அள்ளிய கையோடும் தொடக் கூடாது.

வெயில் காலத்தில் பாசிப்பயறு 12 மணி நேரத்திலேயே முளைவிடும். பனிக் காலத்தில் ஒரு நாள் ஆகும். கொள்ளும் கொண்டைக்கடலையும் ஒன்றரை நாள் வரை எடுத்துக்கொள்ளும். முளை அரை முதல் ஒரு சென்டிமீட்டர் நீளம் வந்ததும் எடுத்துவிட வேண்டும். நீளமாக வளரவிட்டால் கசப்பு ஏறும். கிருமி பெருகவும் நேரம் கிடைக்கும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அன்றைக்கு வேண்டியதை மட்டும் கட்டி அன்றே தீர்த்துவிட வேண்டும். வழவழப்போ புளித்த வாடையோ தெரிந்தால் எருக்குழியில் கொட்டிவிடலாம். வேகவைத்துச் சமாளிக்க முயலக் கூடாது.

பச்சையாகவா, வேகவைத்தா?

தன் நிலத்தில் சுத்தமாக விளைந்து, மேற்சொன்னபடி முளைகட்டிய பாசிப்பயற்றை நல்ல உடல்நலம் உள்ள பெரியவர்கள் ஒரு கைப்பிடி அளவு பச்சையாகத் தின்னலாம். அப்போதும் ஆபத்து அடியோடு இல்லை என்று சொல்வதற்கில்லை. குறைவு என்றுதான் சொல்லலாம். கடையில் வாங்கிய பயற்றையும், எங்கிருந்து வந்தது என்று தெரியாத பயற்றையும் பச்சையாகத் தின்பது நல்லதல்ல.

சிறு குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியவர்கள், சர்க்கரை நோய் முதலியவற்றால் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்கள் ஆகியோருக்குப் பச்சை முளையைத் தரவே கூடாது. அவர்களுக்கு இட்லிப் பானையில் ஆவி நன்றாக வந்த பின் வைத்து, உள்வரை சூடேறும்படி ஐந்து முதல் பத்து நிமிடம் வேகவைத்துத் தரலாம். வைட்டமின் சி ஓரளவு குறையும். இறக்கி ஆறிய பின் எலுமிச்சம்பழம் பிழிந்தால் போனது திரும்பிவிடும். புரதமும் இரும்புச் சத்தும் எங்கும் போவதில்லை. பயறு வகைகளை அதிகம் முளைகட்டிச் சாப்பிடும் மராட்டிய மாநிலத்திலும், நரிப்பயற்று முளையை உசள் என்ற பெயரில் தாளித்து வேகவைத்தே பெரும்பாலும் உண்கிறார்கள்.

பால் மறக்கும் பருவத்துக் குழந்தைக்கு முளைகட்டிய கேழ்வரகு சிறந்தது. முளைவிட்ட கேழ்வரகை வெயிலில் காயவைத்துத் தேய்த்து, முளையைப் புடைத்து நீக்கி, இலேசாக வறுத்து அரைத்து வைத்துக்கொள்ளலாம். இந்த மாவில் காய்ச்சும் கஞ்சி கெட்டிப்படாது. ஆகவே அதே அளவு கஞ்சியில் அதிக மாவைக் கரைத்து ஊட்ட முடிகிறது. கஞ்சியை நன்றாகக் கொதிக்கவிட வேண்டும்.

முளைப்பயறு தின்ற சில நாள்களுக்குள் கடுமையான வயிற்றுவலியோடு ரத்தம் கலந்த பேதி கண்டால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டிராமல் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். என்ன தின்றது என்பதையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

விதைச் சோதனையும் கூடவே

கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போடும் பெண்களுக்கு எந்த வீட்டு விதை திடமானது, எது வீரியம் குறைந்தது என்பது பார்த்தவுடனே தெரியும். அதே சோதனையை அடுக்களையிலும் செய்யலாம். வீட்டுப் பயறும் விதைப் பயறும் ஒரே அறுவடையாக இருந்தால், ஊறவைக்கும்போது நூறு பயற்றை எண்ணித் தனித் துணியில் கட்டி, நாலைந்து நாள் ஈரம் காயாமல் வைத்திருந்து, வேரும் தண்டும் ஒழுங்காக வந்தவற்றை எண்ணிப் பார்க்கலாம். 75-க்குக் குறையாமல் முளைத்தால் விதைக்கு ஏற்றது. சான்று விதைக்கும் பாசிப்பயற்றில் இதுவே குறைந்தபட்ச அளவு. குறைந்தால் விதைக்கும் முன்பே வேறு விதைக்கு ஏற்பாடு செய்யலாம். ஊறாமல் கல் போல் கிடப்பவை கடின விதைகள். சோற்றில் கலந்தால் பல் போகும். அவற்றைப் பொறுக்கிவிட வேண்டும்.

பதினாறு கிலோ

வேளைக்கு 100 கிராம், வாரத்துக்கு மூன்று நாள் என்று கணக்கிட்டால் ஐந்து பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் வேண்டியது சுமார் 16 கிலோ பயறுதான். ஏக்கரில் 200 கிலோ விளைந்தாலும் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. அடுத்த பட்டத்துக்கு விதையாக ஏக்கருக்கு 8 முதல் 10 கிலோ. இந்த இரண்டையும் எடுத்துத் தனித்தனியே வைத்த பிறகு மிச்சத்தை மண்டிக்கு அனுப்பலாம். களத்து மேட்டில் மூட்டை தைப்பதற்கு முன்பே இந்தப் பதினாறு கிலோவை அளந்து எடுத்துவிட வேண்டும். தைத்த மூட்டையைப் பிரிக்க யாருக்கும் மனம் வராது.